ஜமீலா ஆபாவுக்கு மூன்று கோடு

ஜமீலா ஆபா இறந்த செய்தி வந்தபோது நான் மெஷினை நிறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கத்துக்கு வந்திருந்தவர்களில் சிலர் இதைக் கேள்விப்பட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களுக்கும், ஆபாவை அறிந்த மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வேலூரில் எங்கள் பிரஸ்ஸில் அப்போது காலை நேரம். ஆஃப்செட் மெஷினில் ஒரு ஷூ கம்பெனியின் கேட்லாக் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த படங்களை அச்சுக்குத் தயார் செய்தவர் ஆபாதான். உடம்பு முடியாத நிலையிலும் ஆம்பூரில் வீட்டில் இருந்தபடியே முடித்து அனுப்பியிருந்தார். முதல் நல்ல தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, நானே ஓட்ட ஆரம்பித்திருந்தேன். போன் அடித்ததும் ஆபாதான் என்று எடுத்தேன். அவர் கணவர் பேசினார். "மாணிக்கண்ணா, ஜமீலா போய்ட்டா. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க."

"வர்றேன் பாய்" என்று மட்டும் சொன்னேன். கை ஸ்டாப் பட்டன் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஓடுகிற மெஷினை நடுவில் நிறுத்தினால் மைக்கும் தண்ணீருக்கும் உள்ள கணக்கு குலைந்துவிடும். மறுபடி ஓட்டும்போது பழைய நிறம் சுலபத்தில் வராது. "கலர் செட்டாகி ஓடுறப்போ, நானே மௌத்தாப் போனாலும் நிறுத்தக் கூடாதுண்ணா" என்று என்னிடம் பல தடவை சண்டை பிடித்தவர் அவர். அவர் பேச்சைத் தட்டாமல் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். கடைசித் தாள் இறங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறினேன். அடக்கத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

அவர் என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் ஆபாதான். உருது பேசும் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிரஸ்ஸின் ஒரு மூலையில் ஏசி அறையில் அவர் கம்ப்யூட்டர், மறு மூலையில் என் மெஷின், நடுவில் காதைக் கிழிக்கும் சத்தம். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கண்ணாடிக் கதவைத் திறந்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். புர்கா போட்ட பெண் விசில் அடிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்த வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். "இன்னாண்ணா பண்றது, உங்க மெஷினுக்கு மரியாத தெரியாது. மெதுவா கூப்ட்டா கேக்க மாட்டேங்குதே" என்பார்.

கேமராவில் எடுத்த படத்தை அப்படியே அச்சடித்துவிடலாம் என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. நாங்கள் நான்கு மைகளால் காட்டுகிறோம். திரையில் மினுக்கும் சில சிவப்பும் நீலமும் அந்த நான்கு மைகளில் கிடையவே கிடையாது. கிடைப்பதை வைத்துக்கொண்டு, பார்க்கிறவருக்குக் குறை தெரியாதபடி படத்தைப் பக்குவம் பண்ணித் தருவது ஆபாவின் வேலை. "ஸ்க்ரீன் எல்லாத்தயும் அழகாத்தான் காட்டும். அதுக்குப் பின்னாடி லைட்டு எரியுது. பேப்பருக்குப் பின்னாடி இன்னா எரியுது?" என்று கேட்பார்.

ஒருமுறை நெமிலியிலிருந்து ஓர் அரிசி ஆலைக்காரர் காலண்டர் அடிக்க வந்தார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குட்டி அம்மன் படத்தைக் காட்டி, இதைக் காலண்டர் முழுக்கப் பெரிதாகப் போட வேண்டும், மூக்குத்தி கூடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். ஆபா அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அம்மன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. "கடுகு கொண்டாந்து குடுத்துட்டு பூசணிக்கா கேக்கறீங்களே அண்ணா, நான் எங்க போவேன்? படம் எடுத்தவர்கிட்டயே ஒரிஜினல் வாங்கினு வாங்க" என்று அனுப்பிவைத்தார். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போனார், ஒரிஜினலோடு திரும்பி வந்தார். அந்தக் காலண்டரில் மூக்குத்தி தெரிந்தது.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை கறுப்பு ஷூவால்தான் வரும். திரையில் கறுப்பு ஆழமாக இருக்க வேண்டுமென்று நான்கு மைகளையும் மேலே மேலே ஏற்றினால், தாள் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவர் வந்த புதிதில் அப்படி ஒரு கட்டு முழுக்க ஒட்டியது. "ஆபா, இது ஷூவா தாரா?" என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. மறுநாள் கறுப்புக்கு அடியில் இருந்த மற்ற மூன்று மைகளையும் குறைத்துக் கொண்டுவந்தார். தாள் காய்ந்தது; கறுப்பு முன்னைவிட ஆழமாகவும் இருந்தது. அன்று மதியம் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கேட்காமலேயே பாதி மீன் வறுவலை எடுத்துக்கொண்டார்.

ஆபா ஜெயித்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் செய்த தவறு பலருக்குத் தெரியாது. அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னதுதான் என்பதால் நானும் சொல்கிறேன்.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் அன்வர் சாயபு எங்களிடம் முதன்முதலாக ஒரு கேட்லாக் கொடுத்தார். அவர் அனுப்புவது பதப்படுத்திய ஆட்டுத் தோல். தோலைத் தரம் பிரிப்பதை அங்கே செலக்‌ஷன் என்பார்கள். சுத்தமான தோல் முதல் செலக்‌ஷன், வடுக்கள் கூடக்கூட இரண்டு, மூன்று என்று இறங்கும். எங்கோ வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர் எந்த செலக்‌ஷன் எப்படி இருக்கும் என்று பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு செலக்‌ஷனுக்கும் ஒரு தோலைப் படமெடுத்துக் கொடுத்திருந்தார்.

ஆபா எங்களிடம் வருவதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவர். மணப்பெண்ணின் பருவை அழிப்பது, மாப்பிள்ளையின் கருவளையத்தை அழிப்பது, சம்பந்தி அம்மாவின் சுருக்கத்தை அழிப்பது. அந்தக் கைப்பழக்கத்தோடு உட்கார்ந்து உண்ணி கடித்த தடம், முள் கீறிய தழும்பு, ஆறிப்போன காயம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அழித்துவிட்டார். தோல் வெண்ணெய் மாதிரி இருந்தது. மாதிரித் தாளைப் பெருமையோடு சாயபுவின் முன்னால் விரித்தார்.

சாயபு மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஆபா, என் ஆட்டுக்கு எதுக்கும்மா கல்யாண மேக்கப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். "மூணு செலக்‌ஷனும் ஒண்ணா இருக்கே! இதப் பாத்து மூணாவத வாங்கறவன், சரக்கு போய்ச் சேந்ததும் என்ன சும்மா விடுவானா? வடுவே இல்லாத தோலு எங்கனா இருக்கா? இது ரெக்சின் மாதிரி இருக்கு." தோல் தொழிலில் ரெக்சின், அதாவது போலித் தோல், என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது. வேலையைச் சென்னைக்கே கொடுத்துவிடுகிறேன் என்று எழுந்துவிட்டார்.

எங்கள் முதலாளி அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, இன்னொரு தாள் காட்ட அனுமதி வாங்கினார். அவர் போனதும் ஆபாவிடம் வந்தார். "இதுவும் போச்சுன்னா, படத்தையெல்லாம் சென்னையிலயே ரெடி பண்ணி வாங்கிக்கலாம்னு இருக்கேன் ஆபா. அப்புறம் இந்த ஏசி ரூம் எதுக்கு?" கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அறை போனால் ஆபாவின் வேலையும் போகும். முதலாளி நகர்ந்ததும் ஆபா என்னிடம், "திரும்பி ஆல்பம் பண்ணப் போக மாட்டேன்ணா. அங்க யார் மொகமும் அவங்க மொகமா இருக்காது" என்றார். விசில் அடிக்கிற அந்த வாய் நடுங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நல்லவேளையாக அவர் எந்தப் படத்திலும் மூலத்தைத் தொட மாட்டார். திருத்தம் எல்லாம் மேலே கண்ணாடித் தாள் போட்ட மாதிரி தனி அடுக்கில்தான் இருக்கும். அந்த அடுக்கை அணைத்ததும் வடுக்கள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் அச்சடித்துப் பார்த்தால் பாதி வடுக்களைக் காணோம். மை தாளில் சற்றுப் பரவும். மெல்லிய கீறல்கள் அதில் முழுகிவிடும். ஆபா சாயபுவிடமிருந்து அந்த மூன்றாம் செலக்‌ஷன் தோலையே கேட்டு வாங்கிவந்து மேஜையில் போட்டுக்கொண்டார். ஏசி அறை முழுக்கத் தோல் வாடை. கீறலின் ஓரங்களைக் கூர்மையாக்கி, திரையில் பார்க்கச் சகிக்காதபடி படத்தைச் சொரசொரப்பாக்கினார். நான் முகம் சுளித்தேன். "ஸ்க்ரீன்ல அசிங்கமாத்தான் இருக்கும்ணா. பேப்பர்ல போய் அடங்கும், பாருங்க" என்றார்.

தோல்காரர்கள் நிறத்தை ட்யூப்லைட்டில் பார்க்க மாட்டார்கள், பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பார்கள். அதனால் நாங்களும் ஒவ்வொரு தாளையும் தோலையும் பிரஸ் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "செவப்பு ஜாஸ்தி", "இப்போ மஞ்சள் கம்மி" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். "பேஜார் பண்ணாதீங்க ஆபா, மெஷின் அழுவுது" என்றேன். "அழட்டும். நான் அழுவாம இருந்தா போதும்" என்றார். கடைசியில் ஒரு தாள் வந்தது. வாசல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். இனி திருத்த ஒன்றுமில்லை என்று நான் மெஷினைத் துடைக்கப் போய்விட்டேன்.

அந்தத் தோலையும் அதன் படம் மட்டும் இருந்த தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தொழிற்சாலைக்குப் போனோம். சாயபு அதைப் பார்த்துவிட்டுத் தரம் பிரிக்கிற ஏழுமலையைக் கூப்பிட்டார். கலவை ஊர்ப் பக்கத்துக்காரர். ஜன்னலை ஒட்டிய மேஜையில் தோலை விரித்து, தடவிப் பார்த்து, புரட்டிப்போட்டு, பின்பக்கத்தில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு இழுப்பதுதான் நாள் முழுக்க அவர் வேலை. "ஏழுமல, இது எந்த செலக்‌ஷன் சொல்லு" என்று சாயபு தாளை நீட்டினார்.

"இன்னா சாயபு, காயிதத்தக் குடுத்து செலக்‌ஷன் கேக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஏழுமலை அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சிரிப்பு நின்றது. குனிந்து பார்த்தார். "கழுத்தாண்ட உண்ணி கடிச்சிருக்கு. இந்தப் பக்கம் முள்ளு கீறி ஆறின தழும்பு. இடுப்பாண்ட இன்னொண்ணு..." ஆபா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணாவதுதான் சாயபு" என்ற ஏழுமலை, தோலைப் புரட்டுகிற அதே பழக்கத்தில் தாளைப் புரட்டி, வெள்ளை முதுகில் மூன்று கோடு இழுத்துவிட்டார்.

சாயபு ஆபாவிடமிருந்து அந்தத் தோலை வாங்கி மேஜையில் புரட்டிப் போட்டார். அதன் பின்பக்கத்திலும் ஏழுமலை முன்னே போட்ட மூன்று கோடு. ஏழுமலையே திகைத்துப்போய், "அட, இந்தத் தோலா இது!" என்றார். அடுத்த நொடி ஆபா இரண்டு விரலை வாயில் வைத்தார். அந்த விசிலுக்குக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். விஷயம் புரிந்ததும் கை தட்டினார்கள். சாயபுவும் சிரித்துவிட்டார். "எல்லாப் பக்கத்தையும் இப்டியே போடுங்க ஆபா" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஆபா தாளை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, மூணாவது வந்ததுக்கு மொத தடவயா சந்தோஷப்படறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏசி அறை அப்படியே இருந்தது. சென்னைக்குப் போகவிருந்த வேலை போகாததோடு, சென்னையிலிருந்தே ஆபாவைத் தேடிப் படங்கள் வர ஆரம்பித்தன. ஏழுமலை கோடு போட்ட தாளை அறைச் சுவரில் முதுகு வெளியே தெரியும்படி கண்ணாடி போட்டு மாட்டினார் ஆபா. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் தாள் மனத்துக்குப் பிடித்தால் அதைப் புரட்டி, பென்சிலால் மூன்று கோடு போடுவார். அதன் பிறகுதான் நான் ஓட்டலாம். எங்கள் பிரஸ்ஸில் அது சட்டமாகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் இது ஏதோ அச்சுத் தொழிலின் பொது வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தபோதும் நான் படமெடுத்து அனுப்புவேன். "போன்ல கலர் இன்னாண்ணா தெரியும்?" என்று திட்டிவிட்டு, "சரி, மூணு" என்று பதில் போடுவார். அன்று காலை நான் காத்திருந்தது அந்த மூணுக்குத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் பிரஸ்ஸுக்குப் போனேன். அவருடைய கடைசிக் கேட்லாக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. மேலே இருந்த ஒரு தாளை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கறுப்பு ஷூ. காய்ந்திருந்தது, ஆழமாகவும் இருந்தது. தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது. தாளைப் புரட்டிப் பென்சிலை எடுத்தேன். ஆபாவுக்கு முதல் செலக்‌ஷன் கொடுத்தால் என்ன என்று தோன்றி, ஒரு கோட்டோடு நிறுத்தப் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் விசில் அடித்துச் சண்டைக்கு வந்திருப்பார். பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு போட்டேன். ஆபாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தாள்தான். எங்கள் பிரஸ்ஸில் மூன்றுக்கு மேல் தரம் கிடையாது.