அண்ணை இருந்த கோட்டை

அண்ணை பிரான்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். கடல் கடந்து அம்மாவும் நானும் குடியேறியிருந்த வெக்ஸ்போர்ட் அப்பாட்மென்டில் இரண்டு போன்கள் இருந்தன. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததை அம்மாவும் அறையில் இருந்ததை நானும் தூக்குவோம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் ஒரு பத்து நிமிடம்.

பரிஸ் நகரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிறு, தெற்கே கார்கசோன் என்ற ஊரில் ஒரு ஹொட்டேலுக்கு மாறிய செய்தியைச் சொல்ல எடுத்திருந்தார். மலைமேல் மதில் சூழ்ந்த பழைய ஊர் அது. ஹொட்டேல் அந்த மதிலுக்கு உள்ளே.

“நான் இப்ப கோட்டைக்குள்ளை இருக்கிறன், அம்மா.”

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டா: “அடிக்கிறாங்களோ, மோனை?”

அண்ணை சிரித்தார். “ஆரம்மா அடிக்கிறது? மூண்டு நேரமும் சாப்பாடு தாறாங்கள். தனி அறை.”

“தனி அறையோ!” அம்மா அழத் தொடங்கிவிட்டா.

எங்கள் பேச்சில் கோட்டை என்றால் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஆமி முகாம் போட்டிருந்த கோட்டை. ஷெல் வந்தது அங்கிருந்து. பிடிபட்டவர்களைக் கொண்டுபோனதும் அங்கேதான். சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பிடித்த அன்று, “கோட்டைக்குள்ளை வைச்சிருக்கினமாம்” என்றுதான் அம்மாவிடம் வந்து சொன்னார்கள். அப்பா திரும்பி வரவில்லை. அந்த மூட்டைகளை அண்ணை ஐந்தாம் வகுப்போடு தூக்கப் போனார். அதனால் நான் படித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு விஷயம் புத்தகத்தில் இருந்தால், அதை எடுத்து வாசித்துக் காட்டினால், பயம் போய்விடும் என்று அப்போது நம்பினேன். நூலகத்தில் கார்கசோன் பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சோபாவில் பக்கத்தில் இருத்தி, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

ஒரு காலத்தில் அது எல்லைக்கோட்டை. பிறகு நாட்டின் எல்லையே தெற்கே நகர்ந்துபோக, கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டு மதில்களுக்கும் நடுவில் ஏழை நெசவாளர்கள் குடியேறினார்கள். அரசாங்கம் இடிக்கப் பார்த்தது, ஊர்ச்சனம் விடவில்லை. பழுதான கோபுரங்களைத் திருத்திக் கூர்க்கூரை போட்டபோது, இது எங்கள் பக்கத்துக் கூரையே இல்லை என்று அதற்கும் சண்டை. இப்போது சுற்றுலா வருகிறவர்கள் ஐஸ்கிரீம் தின்றபடி சுற்றுகிறார்கள்.

அம்மாவின் விரல் வெளிமதிலில் நின்றது. “உது ஏன் ரெண்டு மதில்?”

“முதல் மதிலைத் தாண்டி வாற எதிரி நடுவிலை மாட்டுப்படுவான். உள்ளுக்கை இருக்கிற சனத்துக்குப் பாதுகாப்பு, அம்மா.”

“உள்ளுக்கை இருந்தவங்களுக்குப் பாதுகாப்புத்தான்,” என்றா. “உன்ரை அப்பர் தானாய் உள்ளுக்கை இருந்தவரே? பிடிச்சுக் கொண்டுபோய் உள்ளுக்கை போட்டவங்கள்.”

“வாசல் திறந்து கிடக்கு, பாருங்கோ. சனம் போய் வருது.”

“உன்ரை அண்ணன் போய் வாறவனோ? கேள்.”

அடுத்த ஞாயிறு, புத்தகம் காட்டிய கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“இல்லை, புரபசர்,” என்றார் அண்ணை. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “கீழை டவுனிலை பொலிஸ் மறிச்சு விசா கேப்பான். எனக்கு விசா கிடைக்குமட்டும் மேலைதான் கிடக்கவேணும்.”

குசினியிலிருந்து அம்மாவின் மூச்சு போனில் கேட்டது. “கேட்டியே?” என்றா என்னிடம்.

அதன்பிறகு அம்மா படுக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை இருப்பா. வேலை செய்த பாண் பக்டரியில், ரொட்டி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்து, கை மெஷினுக்குள் போகப் பார்த்தது. சுப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நான் அண்ணைக்குப் போன் அடித்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நித்திரையே இல்லையோ?”

“இல்லை, அண்ணை.”

“சரி. வெளியிலை விட்டிட்டாங்களாம் எண்டு சொல்லு.”

சொன்னேன். அம்மா நம்பவில்லை.

அந்த வாரமே அண்ணை வேலையை விட்டுப் பரிஸ் நகருக்குத் திரும்பி வந்து, தெரிந்த பெடியங்களின் அறையில் ஒதுங்கினார். அங்கிருந்து போன் எடுத்தபோது, பின்னால் ஒருவன் “ஆரடா சோத்துக்கு உப்புப் போட்டது, கடலைக் கொட்டினியே?” என்று கத்திக்கொண்டிருந்தான். அம்மா அந்தத் தமிழ்க் குரலைக் கேட்டா. அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. குசினிப் போனை வைத்துவிட்டு, ஒரு கோப்பை சோறு சாப்பிட்டு, பகல் வெளிச்சத்திலேயே சோபாவில் சரிந்துவிட்டா.

நான் அறைப் போனைப் பிடித்தபடி இருந்தேன். “ஹொட்டேல் முதலாளி என்ன சொன்னவர்?”

“என்ன சொல்லுறது? உனக்கு விசா எடுக்க எழுதிக் குடுக்கப் போறன், கொஞ்சம் பொறு எண்டு நெடுக நிண்டவன். நான் விட்டிட்டுப் போறனெண்ட உடனை, இனி என்னட்டை வராதை எண்டிட்டான்.”

“இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?”

“சொன்னா நீ இன்னொரு புத்தகம் தூக்கிக்கொண்டு போய் அவவுக்கு விளங்கப்படுத்துவாய்.”

அங்கே யாரோ கோப்பைகளை எடுத்துவைக்கும் சத்தம்.

“அம்மா என்ன செய்யிறா?” என்றார்.

“நித்திரை.”

“எழுப்பாதை.”