ஏவாள் கடிக்காத ஆப்பிள்

மனிதகுலத்தின் முதல் பாவத்தை நான் ஒருமுறை தடுத்து நிறுத்தியிருக்கிறேன். பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில், எங்கள் சபையின் தகரக் கொட்டகையில், விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள் நாடகத்தில் அது நடந்தது. எனக்கு ஒன்பது வயது.

ஏவாள் நான். ஆதாம், பெரியப்பா மகன். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்டில் தைத்த பச்சைப் பனியன் துணிக்குள் நெளிந்த பாம்பு என் தம்பி. திரைக்குப் பின்னால் மைக் பிடித்துக் கடவுளாகப் பேச வேண்டியவர் பெரியப்பா. கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்பதால் அவருக்கு அதட்டும் குரல் தானாகவே வரும்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா செக்கிங். நின்றபடியே ஒவ்வொரு துணியாகத் திருப்பி ஓட்டை பார்ப்பாள். ஓவர்டைம் முடிந்து வந்தால் இரண்டு காலும் பூரிபோல் உப்பியிருக்கும். ஒத்திகை நடந்த வாரம் முழுக்க ஆதாம் அதைச் சொல்லியே என்னைப் படுத்தி எடுத்தான்.

"நீ பழத்தைத் தின்னதாலதான் எல்லாரும் வேர்வை சிந்தி உழைக்காவ. உங்கம்மா கால் வீங்குததும் உன்னாலதாம்லா."

எனக்குச் சுருக்கென்றது. ஏவாள் தின்னாமலே இருந்திருக்க முடியுமா என்று ஞாயிறு பள்ளி டீச்சரிடம் கேட்டேன். "தாராளமா முடியும். கடவுள் யார் கையையும் பிடிச்சுத் தின்ன வைக்கலியே" என்றார். வரப்போவது தெரியாமல் சொல்லிவிட்டார்.

நாடகத்தில் பாம்பு ஆப்பிளை நீட்டியது. வாங்கிக்கொண்டேன், கடிக்கவில்லை. "தின்னுக்கா" என்று பாம்பு கெஞ்சியது. ஆதாம் முறைத்தான். ஓரத்தில் நின்ற டீச்சர் வெறும் வாயை மென்று காட்டினார். திரைக்குப் பின்னாலிருந்த பெரியப்பாவுக்கு இது எதுவும் தெரியாதே! மைக்கில் இடி முழங்கியது.

"பெண்ணே, நீ ஏன் இப்படிச் செய்தாய்?"

பாம்பு என்னை ஏமாற்றிவிட்டது என்பதுதான் என் வசனம். நான் ஆப்பிளை உயர்த்திப் பிடித்துக் கத்தினேன். "ஆண்டவரே, நான் ஒண்ணுமே செய்யலையே!"

கொட்டகை அதிர்ந்தது. செக்கிங் அக்காமார் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மா விசில் அடிக்காத குறைதான். கடவுள் திரையை விலக்கி எட்டிப் பார்த்து, முழு ஆப்பிளைக் கண்டு தலையைச் சொறிந்தார். "சரி, ரெண்டு பேரும் தோட்டத்துலயே இருங்க" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். இனி அம்மாவுக்கு ஓவர்டைம் கிடையாது. அப்படியொரு வெற்றியை அதற்குப் பின் நான் கண்டதில்லை.

வேஷம் கலைக்கப் போனபோது ஆப்பிள் கையிலேயே இருந்தது. யாரும் தூண்டவில்லை. தனியாக நின்று முழுவதையும் தின்றுவிட்டேன்.

"ஆப்பிள் எங்கட்டி? பாஸ்டர் அம்மா கேக்காவ" என்று வந்தாள் அம்மா.

"அவன்தான் தின்னுட்டான்" என்று பாம்பைக் காட்டினேன்.

அம்மா அவனைத் திட்டவில்லை. முந்தானையால் என் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "சரி, வா" என்றாள்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வழக்கம்போல் ஹாரன் அடித்தது. நான் தின்றதால்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"ஏனுங்க அக்கா, பாப்பா நாடகம் எப்படீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

வீங்கிய காலைத் தூக்கி வைத்து ஏறியபடி அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "எம்மவ கடைசி வரைக்கும் கடிக்கவே இல்லல்லா!"

ஜன்னல் வழியே எனக்குக் கையாட்டினாள். தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நானும் ஆட்டினேன். ஊசிமுனை ஓட்டையைக்கூடத் தப்பவிடாத அந்தக் கண்ணுக்கு, முந்தின நாள் என் வாயோரம் ஒட்டியிருந்த ஆப்பிள் தோல் தெரியாமலா போயிருக்கும் என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கு இல்லை.