பரிசு கொடுத்த பிறகு ஆடிய இறுதிப் போட்டி

தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கை மீனா டென்னிஸ் ஆடிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் ஆண்டுதோறும் மாசி மாதம் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டி ஒன்று நடக்கும். சிமெண்டுக்கு மேல் பச்சைப் பூச்சு பூசிய கெட்டித் தரை ஆடுகளம். பல மாநிலங்களிலிருந்து முப்பத்திரண்டு பெண்கள் வந்து ஒரு வாரம் மோதுவார்கள். அந்த ஆண்டு மீனா இறுதிப் போட்டி வரை வந்துவிட்டாள். அதைப் பார்க்க வங்கியில் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அவளோடு கிளம்பினேன்.

இதுபோல ஊர் ஊராகப் போய் டென்னிஸ் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அவ்வப்போது வழி கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்காகவே இது. கட்டணங்கள் அந்தக் காலத்துக் கட்டணங்கள். மற்றவை மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்பாசமுத்திரத்தில் காலை 6.40 பேருந்து. திருநெல்வேலி ஜங்ஷனுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஐந்தரை ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். இடப்பக்க ஜன்னலைப் பிடித்தால் சேரன்மகாதேவி வரை ஆறு அங்கங்கே தெரியும். பத்தமடையில் பாய்க் கட்டுகள் ஏறும். அதற்கு முன்பே ராக்கெட் பையை மடிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அந்த வாரம் முழுக்க மீனா இதே பேருந்தில்தான் போய்வந்தாள். வெளியூர்ப் பெண்கள் விடுதி அறையில் தூங்கி எழுந்து ஆட வந்தார்கள். இவள் பாய்க் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்து ஆடினாள்.

அன்று அவளுக்குக் கோப்பை பெரிதில்லை. வென்றால் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகள்தான் வேண்டும். இரண்டு வருடங்களாக எந்த ஊருக்குப் போனாலும் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் போட்டிக்குள்ளேயே நுழைய முடியும் என்ற நிலை. இதில் ஜெயித்தால் இனி நேராக உள்ளே போகலாம். பேருந்தில் அவள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. வீரவநல்லூர் வந்தபோது, "அக்கா, தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜங்ஷனிலிருந்து பாளை ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருபத்தைந்து கேட்டு இருபதுக்கு வந்தார். மைதானத்துக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போதே கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.

"இதுக்கு மேல வண்டி போவாதுக்கா. பெரிய ஆளு வாராராம். பைய நடந்துருங்க."

"இவ வெளையாடப் போறவ அண்ணாச்சி. ஒன்பதரைக்கு ஆட்டம்."

அவர் மீனாவின் பையைப் பார்த்தார். "அப்ப என்னக்கா? ஓடுத புள்ளதான? நீங்கதான் மூச்சு வாங்குவீய."

அவர் சொன்னபடியே ஆயிற்று.

மைதானத்தில் ஆடுகளத்தைக் காணவில்லை. அதன்மேல் மேடை போட்டிருந்தார்கள். கெட்டித் தரையில் பந்தல்கால் நட முடியாது என்பதால், தார் டின்களில் சிமெண்டை ரொப்பிக் கால்களை அதில் நிறுத்தியிருந்தார்கள். சிவப்புக் கம்பளம் வலையின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. எதிராளியான புனேக்காரி ரேணுகா, ஆடுகளத்தின் மூலையில் மிச்சமிருந்த நாலடி இடத்தில் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். போட்டியின் முதல்நிலை ஆட்டக்காரி அவள்.

போட்டிக் குழுவின் செயலாளர் வெள்ளை வேட்டியில் பரபரப்பாக இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பெங்களூரிலிருந்து வந்திருந்த நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணாச்சி சிரித்தபடி விளக்கினார். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்குச் சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். ஆட்டம் முடியும்வரை அவர் காத்திருக்க முடியாது. ஆகவே பரிசளிப்பு முதலில், இறுதிப் போட்டி பிறகு.

"ஜெயிக்காம யாருக்கு சார் பரிசு குடுப்பீங்க? விதியிலே இடம் கிடையாது" என்றார் நடுவர்.

"ஒங்க விதியில அவரு கல்யாணத்துக்குப் போற நேரம் போட்டிருக்கா?" என்றார் அண்ணாச்சி. பிறகு போட்டி அட்டவணையை வாங்கி விரலால் தடவினார். "மேல யாரு பேரு இருக்கு?"

மேலே ரேணுகா பெயர் இருந்தது. முதல்நிலைக்காரியின் பெயரை அட்டவணையின் உச்சியில் எழுதுவது உலக வழக்கம்.

"அப்ப இந்தப் புள்ளைக்குப் பெரிய கப்பு. நம்ம புள்ளைக்குத் தட்டு. சும்மா போட்டோவுக்குத்தாம்மா. வெசனப்படாத."

சிறப்பு விருந்தினர் 10.50க்கு வந்தார். மேடையில் பதினோரு ஆண்கள் உட்கார்ந்து பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பெண் மேடை ஏறி, கொடுத்துவிட்டு இறங்கினார். பெண்களின் பங்களிப்பு அத்துடன் நிறைவுற்றது. சிறப்பு விருந்தினர் ரேணுகாவிடம் கோப்பையைக் கொடுத்து, "நல்லா ஆடினம்மா" என்றார். மீனாவிடம் தட்டைக் கொடுத்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். ஆட்டக்காரிகள் இருவரின் மேலும் அதுவரை ஒரு சொட்டு வியர்வை கிடையாது.

11.35க்கு கார்கள் கிளம்பின. பின்னாலேயே கூட்டமும் கிளம்பியது. நானூறு நாற்காலிகளில் நாங்கள் பதினான்கு பேர் மிஞ்சினோம். பந்தல்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். சமையல் பந்தலிலிருந்து சொதிக் குழம்பு வாசனை வந்தது. அண்ணாச்சியும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"எப்ப அண்ணாச்சி ஆட்டம்?" என்று மீனா கேட்டாள்.

"ஏம்மா, வெயிலு இந்தப் போடு போடுது. பரிசுதான் குடுத்தாச்சுல்லா? பெறவு என்னத்துக்கு ஆடிக்கிட்டு? வாங்க, எல போட்டாச்சு."

"நான் எப்ப தோத்தேன்?"

"தோத்தன்னு ஆரும்மா சொன்னா? ரெண்டாவதுன்னுதான சொன்னோம்."

கோபம் வந்தால் எனக்கு வாய் போய்விடும், கைதான் பேசும். அண்ணாச்சியின் அதிர்ஷ்டம், பக்கத்தில் தண்ணீர் பாட்டில் தவிர எதுவும் இல்லை.

நடுவர் ரேணுகாவிடம் திரும்பி விவரத்தை ஆங்கிலத்தில் சொன்னார். ஆட்டம் நடக்காவிட்டால் கோப்பையும் புள்ளிகளும் யாருக்கு என்று அவர் வாயால் சொல்லவில்லை. கோப்பை ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. அவள் மீனாவைப் பார்த்தாள். கோப்பையைக் கொண்டுபோய் நடுவரின் உயர நாற்காலிக்கு அடியில் வைத்தாள். திரும்பி வந்து கம்பளத்தின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை மீனா தூக்கினாள்.

மேடைப் பலகைகளை நாங்கள் பதினான்கு பேரும் இறக்கினோம். சிமெண்டு டின்களை உருட்டி ஓரத்துக்குக் கொண்டுபோனோம். ஒன்றின் எடை என்னவென்று தெரியாது. மறுநாள் என் இடுப்புக்குத் தெரிந்தது.

12.20க்கு முதல் பந்து விழுந்தது. பந்து பொறுக்கவும் ஆளில்லாததால் இருவரும் தாங்களே பொறுக்கிப் பொறுக்கி ஆடினார்கள். முதல் செட் ரேணுகாவுக்கு. இரண்டாவதில் மீனா வேறு ஆளாகிவிட்டாள்; ஏழு நாள் பேருந்தில் நின்றுகொண்டு வந்த கோபமெல்லாம் அவளுடைய பின்கை அடியில் இருந்தது. மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நான்கு என்று முன்னிலைக்கும் வந்தாள். சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு வந்து வேலியோரம் நின்று, "ஏ, அடிச்சுப் போடு தாயி!" என்றார். இன்னும் ஒரே ஒரு கேம். அது வரவில்லை. 2.45க்கு அவள் அடித்த கடைசிப் பந்து வலையில் விழுந்தது. டின்கள் தரையில் விட்ட தழும்பைக் காரணம் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் பந்து அந்தப் பக்கமே போகவில்லை. ரேணுகா அன்று அவளைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினாள், அவ்வளவுதான்.

அண்ணாச்சி கை கழுவிய ஈரத்தோடு வந்தார். முடிவைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியளா, நாங்க சரியாத்தான் குடுத்திருக்கோம்!"

மீனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"காலையில தோக்காமலே குடுத்தீய அண்ணாச்சி. இப்பதான் தோத்திருக்கேன். இப்ப குடுங்க."

அவர் நடுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரண்டிக்காரரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஈரக் கையோடு கொடுத்தார். பதினான்கு பேரும் கைதட்டினோம். ரேணுகாவின் கைத்தட்டல்தான் பலமாகக் கேட்டது.

மறுநாள் காலை நாளிதழில் படத்தோடு செய்தி வந்தது. ரேணுகா வென்றார், மீனா இரண்டாமிடம். எழுத்துப் பிழைகூட இல்லை. வெற்றி 6-2, 6-2 என்ற நேர் செட்களில் என்று போட்டிருந்தது. நிருபர் பதினொன்றரைக்கே காரோடு கிளம்பிவிட்டார். இந்த எண்களை யாரிடம் வாங்கினார் என்று கேட்க, அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"நிருபர் தம்பி ஏதாவது எண்ணு வேணும்னாரு, குடுத்தேன். தோத்தது தோத்ததுதானம்மா. எத்தனையில தோத்தா என்ன?"

போனை வைத்தேன். பூத்துக்காரருக்கு நாலு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மீனா அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் தகுதிச் சுற்று ஆடினாள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். குடை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயர் ஆட்டக்காரிகளின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தால், குறித்த நேரத்துக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போனால் போதும். நல்ல இடமாகக் கிடைக்கும். டின் உருட்டத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடிவை நாளிதழில் தேடாதீர்கள், கையோடு நோட்டும் பேனாவும் கொண்டுபோய் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். நான் பேருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்தது இன்னும் இருக்கிறது. இதுவரை எங்கும் அச்சாகாததால் இங்கே எழுதிவிடுகிறேன். இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். மீனா தோற்றது 4-6, 6-3, 5-7.