கண்ணை மூடினால் வரும் இடம்

சரோஜினி நகர் மார்க்கெட்டின் கூச்சல் தெரபிஸ்டின் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. எனக்கு ஆட்டிசம், அந்த மாதிரிச் சத்தம் மண்டையைப் பிளந்துவிடும்.

"கண்ணை மூடி, பாதுகாப்பாக இருந்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர், இந்தியில்.

எரிச்சலாக வந்தது. பாதுகாப்பு என்றால் என்ன, சத்தம் இல்லாததா, ஆள் இல்லாததா? வீட்டில் குக்கர் விசில், பார்க்கில் நாய்கள், மெட்ரோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் ஓர் இருட்டறை வந்தது. சாக்பீஸ் வாசனை, துளிச் சத்தம் இல்லை. உடம்பு தானாகத் தளர்ந்தது.

"எந்த இடம்?" என்று கேட்டார்.

கையை உதறிக்கொண்டே இருக்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் போட்டுப் பூட்டிய அறை அது. அதை மறக்கத்தான் தெரபிஸ்டிடம் போயிருந்தேன்.