சோலைக்குப் போகாத பெண்

ஈரமான தைலமரச் சுள்ளி புகையும் வாசம் எங்கே வந்தாலும் நான் வில்பட்டிக்குப் போய்விடுகிறேன். சென்ற ஆண்டு ஐப்பசி தொடங்கி, கொடைக்கானலுக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊரில், முட்டைக்கோஸ் தோட்டம் பார்த்த ஓர் அறையில் மூன்று மாதம் தனியாக இருந்தேன்.

ஐம்பதை நெருங்கும் வயது. அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். தினம் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும், தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும். மூன்று மாதத்தில் உயிருள்ள ஒரே ஒரு பக்கமாவது வரவில்லையென்றால் எழுதுவதையே விட்டுவிடுவது. எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு அது.

விடிந்ததும் மலைச்செடிகளைப் பற்றிய புத்தகம். பிறகு காலை பஸ் பிடித்து கொடைக்கானல் ஏரிக்கரை பெஞ்சு, மடியில் நோட்டு. மத்தியானம் மூடுபனி வந்து ஏரியை, மரங்களை, படகுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகும். பால் வாங்கும்போது பேசுகிற இரண்டு வார்த்தை தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் அதற்கு வாய் திறந்தபோது குரல் கம்மிப்போய், யாரோ பேசுவதுபோல் இருந்தது.

அந்த பஸ்ஸில் தினமும் ஒரு பெண் ஓடிவந்து ஏறுவார். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், கையில் ஒயர் கூடை.

"ஏத்தா, ஒனக்குன்னு தனியா ஒரு வண்டி விடச் சொல்லவா?" என்பார் கண்டக்டர்.

"விடுங்க, அதுலயும் நீங்கதான் வந்து நிப்பீங்க. வெரசா எடுக்கச் சொல்லுங்கண்ணே, சோலைக்குப் போகணும்!"

சோலை. மலை மடிப்புகளில் பாசி படர்ந்து இருண்டு கிடக்கும் காட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் தன்னந்தனியாகக் காட்டுக்குள் போகிற பெண்! பெரணிகளை விலக்கி நடக்கிறாள், பாசியில் சொட்டும் நீரைக் குடிக்கிறாள், மரங்களின் மௌனத்தைக் கேட்கிறாள் என்று பதினெட்டு நாளில் பதினெட்டுப் பக்கம் எழுதினேன்.

பத்தொன்பதாம் நாள் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெருமையோடு கேட்டேன், "தினமும் சோலைக்குப் போறீங்களே, பயமா இருக்காதா?"

"சோலைக்கா? அங்கன என்ன கெடக்கு, அட்டைப்பூச்சிதான் கெடக்கு!" அவர் சிரித்த சிரிப்பில் கூடை மடியிலிருந்து நழுவியது. "சோலிக்குங்க டீச்சர், சோலிக்கு! வேலைக்கு. லாட்ஜுல ரூம் கூட்டுறேன்."

நோட்டும் கையுமாக இருந்ததால் நான் அவர்களுக்கு டீச்சர். பஸ்ஸே சிரித்தது. "டீச்சரம்மாவக் கூட்டிப் போய் அட்டைக்குக் காட்டிட்டு வா மதனி" என்றது ஒரு குரல்.

வெட்கத்தில், அவரைப் பற்றி எழுதியதைச் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "என்னயவா? படிங்க பாப்போம்."

வளைவுகளில் ஆடியபடி ஒரு பக்கம் படித்தேன். கவனமாகக் கேட்டவர் கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொம்பள யார்ட்டயும் பேசவே மாட்டேங்குறாளே. அவளுக்கு ஆளே இல்லியா?"

பதினெட்டுப் பக்கத்திலும் இருந்தது அவரில்லை, நான்தான். மூன்று வாரம் ஒரே பஸ்ஸில் போயும், செடிகளின் பெயர்களைப் புத்தகத்தில் தேடிப் படித்த நான், வாய் திறந்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து கேட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் தினமும் ஒரு கேள்வி. ஒருநாள், கூட்டப்போகும் அறையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றேன்.

"டீ கப்பத்தான். தனியா வந்து தங்குறவங்க சில பேரு ரெண்டு கப்புலயும் ஊத்தியிருப்பாங்க டீச்சர். ஒண்ணக் குடிச்சிருப்பாங்க. இன்னொண்ணு எதுத்தாப்புல அப்படியே ஆறிக் கெடக்கும்."

அன்று ஏரிக்கரைக்குப் போனதும், அந்த இரண்டாவது கப்பைப் பற்றி நிற்காமல் எழுதினேன். கெடு முடிய எட்டு நாள் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்த அந்த ஒரு பக்கம்தான் இன்றும் என்னை எழுத வைத்துக்கொண்டிருக்கிறது.

ஊர் திரும்பும் நாளில், வேலைக்கு நடுவே அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். வத்தலக்குண்டு பஸ்ஸின் ஜன்னல் வழியாக அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் நோட்டைத் திறப்பதற்கு முன் யாரிடமாவது எதையாவது கேட்டுவிடுகிறேன். ஆனால் அத்தனை நாள், அத்தனை கேள்வி கேட்ட எனக்கு, எல்லோரும் முதலில் கேட்கும் ஒன்று கடைசிவரை தோன்றவே இல்லை என்பதை நினைக்கும்போது இன்றும் மனசு கூசுகிறது. பஸ் நகர்ந்த பிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே வேகமாக நடந்து, அவர்தான் கேட்டார்:

"ஆமா டீச்சர், ஒங்க பேரு என்னங்க?"