ஏரியைப் பார்த்து நின்றவர்

எரி ஏரியின் தென்கரையில், ஒஹாயோ பக்கத்து முகாம் திடலில், மே மாத மாலைகளில் பொழுதுபோக்குக்குக் குறைவே கிடையாது. யாராவது ஒரு தம்பதி டிரெய்லரைப் பின்பக்கமாகத் தள்ளித் தங்கள் இடத்தில் நிறுத்த வந்தால் போதும். அக்கம்பக்கத்து மடக்கு நாற்காலிகள் எல்லாம் மெல்லத் திரும்பும். யாரும் வேடிக்கை பார்ப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. ஒருவர் விறகைக் கிளறுவார், இன்னொருவர் பைனாகுலரைத் துடைப்பார். கணவன் வண்டிக்குள், மனைவி பின்னால் கையை ஆட்டிக்கொண்டு. அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் முப்பது வருட வரலாறு வெளியே வந்துவிடும்.

நோரீனும் டெல்மரும் பதினாறு மே மாதங்கள் இந்த நாடகத்தில் நடித்திருக்கிறார்கள், பார்த்துமிருக்கிறார்கள். இண்டியானாவின் சோளக்காட்டு ஊர் ஒன்றில் நோரீன் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தவள். டெல்மர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். ஊரில் யாருக்கு எந்தப் பல் சொத்தை என்று அவளுக்குத் தெரியும். யார் திருப்பத்தில் விளக்குப் போடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இருவரும் அதை வெளியே சொன்னதில்லை. அதனால்தான் ஊரில் இருவருக்கும் நல்ல பெயர்.

ஓய்வு பெற்ற வாரமே ஒரு பழைய டிரெய்லரை வாங்கினார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து வழிவிட வேண்டிய நடை. பின்னால் இரண்டு சைக்கிள்கள். அவருக்குச் சைக்கிள் பைத்தியம், அவளுக்குப் பறவைப் பைத்தியம். இரண்டும் ஒத்துப்போகும் என்று வெளியார் நினைப்பார்கள். ஒத்துப்போகாது. சைக்கிளில் போகிறவருக்கு மரம் பச்சைக் கோடு. பறவை பார்க்கிறவளுக்கு ஒவ்வொரு மரமும் ஒரு நிறுத்தம்.

தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில் பாதைகளில் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர் முன்னால் பறந்து போவார். அவள் ஒரு புதரடியில் நின்றுகொண்டிருக்கும்போதே திரும்பி வருவார், அவளைத் தாண்டிப் பின்னால் போவார், மறுபடி முன்னால் வருவார். மிசௌரியில் ஒரு நாள் அவள் போன தூரத்தைப்போல மூன்று மடங்கு போயிருந்தார்.

"ஒரு நாளாவது என் கூடவே வாயேன், டெல்" என்பாள்.

"கூடத்தானே வர்றேன். நாலு தடவ வந்துட்டேன்."

நெப்ராஸ்காவில், மார்ச் மாதக் குளிரில், ஆற்று மணலிலிருந்து ஆயிரக்கணக்கில் சாம்பல் கொக்குகள் எழுந்தபோது அவள் அழுதாள். அவர் அவள் கையுறைக்குள் சூடான காப்பிக் குவளையைத் திணித்துவிட்டு, "இதுங்களுக்குக் கணக்கு வாத்தியாரே வேண்டாம், வரிசை தப்பல பாரு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. டெக்சஸின் தெற்கு மூலையில் பச்சை ஜே பறவை ஒன்று அவருடைய காலைத் தட்டிலிருந்து பன்றிக்கறித் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. அன்றுமுதல் அந்த இனத்தை மட்டும் அவர் தூரத்திலேயே அடையாளம் சொல்வார், பழைய பகையாளியைச் சொல்வதுபோல.

எங்கே சுற்றினாலும் மே மாதம் எரி ஏரிக்குத்தான். தெற்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் கதிர்க்குருவிகள் ஏரியைத் தாண்டுமுன் களைத்துக் கரைப் புதர்களில் இறங்கும். கை நீட்டினால் தொடும் உயரத்தில் வேறெங்கும் அவை உட்காராது. திடலில் பதினாலாம் நம்பர் இடம் அவர்களுடையது என்றே ஆகிவிட்டது. பின்னால் ஒரு பாப்லார் மரம், பக்கவாட்டில் ஏரி. குறை ஒன்றே ஒன்று: அதில் பின்பக்கமாகத்தான் நுழைய முடியும்.

முதல் வருடம் அங்கேதான் அது நடந்தது. அவர் ஓட்ட, அவள் பின்னால் நின்று கை காட்டினாள். பாப்லார் கிளையில், தொண்டையில் தணலை வைத்ததுபோல ஒரு பிளாக்பர்னியன் கதிர்க்குருவி வந்து உட்கார்ந்தது. நோரீனுடைய கை தானாக மேலே போனது. "வா, வா, இன்னும் வா" என்று அவர் எடுத்துக்கொண்டார். டிரெய்லரின் பின் மூலை மின்சாரக் கம்பத்தில் போய் நின்றது.

இறங்கி வந்து நசுங்கலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தெரிஞ்சுதா?" என்றார்.

"ரொம்ப நல்லா."

பதினைந்தாம் நம்பரில் மிச்சிகன்காரர் வெண்டல், மனைவியை இழந்து தனியே வருபவர், நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். நட்பு அப்படித் தொடங்கியது. அந்த நசுங்கலை டெல்மர் கடைசிவரை சரிசெய்ய விடவில்லை. வீட்டில் அதற்குப் பிளாக்பர்னியன் என்றே பெயர்.

கண் விஷயம் போன இலையுதிர்காலத்தில் தெரிந்தது. அதற்கு முன்பே நோரீன் சிலவற்றைக் கவனித்திருந்தாள்: குவளைக்கு வெளியே ஊற்றிய காப்பி, சோள ரொட்டியைத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பது. வயசு என்று விட்டுவிட்டாள். பிறகு ஒரு நாள், ரயில் பாதையின் நடுவில், கார்கள் நுழையாமலிருக்க நட்டிருந்த மஞ்சள் கம்பத்தின் மீது அவர் சைக்கிளோடு நேராக, நிதானமாக, மணியடிக்காமல் போய் மோதினார்.

கீழே விழுந்து கிடந்தவர், "இங்க கம்பமே கெடையாது" என்றார்.

பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரங்கள் இருக்கும் என்றார் மருத்துவர். வீட்டுக்குத் திரும்பியதும் டெல்மர் வண்டிச் சாவியை அவள் முன்னால் வைத்தார். 'சந்தேகம் வர்ற அன்னிக்கே சாவியைக் கொடுத்துடணும்' என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன மனிதர். சொன்னதைச் செய்தார். மறுநாள் டிரெய்லரின் பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற பிளாஸ்டிக் அட்டையையும் மாட்டினார். அதைச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை.

வெண்டலுக்குச் செய்தி போயிற்று. அவருடைய மகள் டிரெய்லர் தேடிக்கொண்டிருந்தாள். மே மாதம் திடலில் வைத்து வாங்கிக்கொள்கிறேன், ஒரு வாரம் கடைசியாகத் தங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"நான் ஓட்டுறேன்" என்றாள் நோரீன்.

"முன்னால ஓட்டுவ. பின்னால?"

"சொல்லிக் குடு."

ஏப்ரலில், தேவாலயத்து வண்டி நிறுத்துமிடத்தில், பால் பெட்டிகளை வரிசையாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடி, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதை ஐம்பது தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உரக்க. டிரெய்லர் ஒவ்வொரு தடவையும் மடங்கி, வண்டியின் காதோடு ஏதோ ரகசியம் சொல்ல வந்ததுபோல நின்றது. பால் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

"அந்தப் பசங்ககிட்ட நீ ஒரு நாள் கூடக் கத்தினதில்ல" என்றாள் அவள்.

"அங்க என் காலடியில இன்னொரு பிரேக் இருந்துச்சு."

அவள் இறங்கி நடந்து வீட்டுக்குப் போனாள். பிறகு அதைப்பற்றிப் பேச்சில்லை. திடலில் டிரெய்லரை வெண்டலே உள்ளே விட்டுக்கொள்வார் என்று டெல்மர் சொன்னார். அவள் மறுக்கவில்லை. அவளுக்குப் புரிந்தது இதுதான்: பதினாலாம் நம்பரில் வேறொருவர் கையால் டிரெய்லர் நுழைந்தால், அது வெண்டலுடையது. தன் கையால் நுழைந்தால், அந்த அட்டையைக் கழற்றச் சொல்ல அவளுக்கு ஒரு வாயாவது இருக்கும்.

திடலை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. யாரோ பெர்ச் மீன் வறுக்கும் வாசனை. வெண்டல் எழுந்து வந்து டெல்மரைத் தழுவிக்கொண்டார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்து, மரியாதையாகக் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க நோரீன். ரெண்டு நிமிஷத்துல உள்ள விட்டுடறேன்."

"போய் உங்க நாற்காலில உக்காருங்க, வெண்டல்."

"கஷ்டப்படாதீங்க. எப்படியும் இது இனிமே—"

"இன்னும் இல்ல. உக்காருங்க."

வெண்டல் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தோளைக் குலுக்கினார். "அவ சொன்னா உக்காந்துடறது நல்லது. நானே உக்காந்திருப்பேன், எனக்கு நாற்காலி எடுத்துப் போடல." பிறகு தட்டுத் தடுமாறாமல், பழகிய காலால், டிரெய்லரின் பின்பக்கம் போனார்.

நாற்காலிகள் திரும்பின. விறகுகள் கிளறப்பட்டன.

முதல் தடவை டிரெய்லர் மடங்கியது. முன்னால் போய் மறுபடி வந்தாள். இரண்டாவது தடவை எதிர்ப்பக்கம் மடங்கியது, அதுவும் ஒரு முன்னேற்றம்தான். மூன்றாவது தடவை பக்கக் கண்ணாடியில் டெல்மரைத் தேடினாள். அவர் இருந்தார். இரண்டு கைகளும் உயர்ந்திருந்தன. ஆனால் முகம் முழுக்க ஏரியின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் டிரெய்லரைப் பார்க்கவே இல்லை.

அவள் பிரேக்கை அழுத்தினாள். இறங்கி, எல்லா நாற்காலிகளையும் தாண்டி அவரிடம் போனாள்.

"என்ன டெல், வேடிக்கை பாக்க வந்தியா? நான் இங்க உயிரக் குடுத்துக்கிட்டு இருக்கேன். என்னப் பாரு."

"உன்னப் பாத்தா நீ தெரிய மாட்ட."

சொல்லும்போதும் அவர் முகம் ஏரியை விட்டுத் திரும்பவில்லை.

"நேராப் பாத்தா நீ இருக்குற எடத்துல சாம்பக் கறை மாதிரி ஒண்ணுதான் இருக்கு. ஏரியப் பாத்தா, டிரெய்லர் மூலை தெரியுது, கம்பம் தெரியுது, கண்ணாடில நீ தலைய ஆட்டுறதும் தெரியுது. கோவமா இருக்கறதும் தெரியுது. அது கண்ண மூடினாலும் தெரியும்."

மருத்துவர் சொன்னதை அவள் அறிவாள். படம் போட்டுக் காட்டியிருந்தார். ஆனால் இந்த ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் அவர் தன் தோளுக்கு அப்பால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது, பேசுவதற்கு விருப்பமில்லாமல் என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப ஏரியவே பாரு" என்றாள். வண்டிக்குத் திரும்பினாள்.

இந்த முறை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளை மட்டும் பார்த்தாள். இடது கை மெல்லச் சுழன்றது. ஸ்டீயரிங்கின் அடியை இடப்பக்கம் நகர்த்தினாள். கை நின்றது, நின்றாள். இரண்டு கைகளும் நேராக வந்தன, நேராக்கினாள். ஏரியோடு ஏதோ பேச்சுவார்த்தை நடத்துபவர்போல அவர் நின்றுகொண்டிருக்க, டிரெய்லர் அங்குலம் அங்குலமாகப் பதினாலாம் நம்பருக்குள் போனது.

பாதி வழியில் அவருடைய ஒரு கை சடாரென்று மேலே போனது. அவள் பிரேக்கை மிதித்தாள். பதினாறு வருடத்துக்கு முந்தைய கம்பம் நெஞ்சுக்குள் வந்து மோதியது. ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

"என்ன ஆச்சு?"

"மரத்துல என்னவோ அசையுது. என்னன்னு தெரியல. நீ பாரு."

நோரீன் பைனாகுலரை எடுத்தாள். வண்டி பாதையைக் குறுக்கே அடைத்து நிற்க, பின்னால் ஒரு கார் காத்திருக்க, பாப்லார் கிளைகளில் தேடினாள்.

"பிளாஸ்டிக் பை, டெல்."

"சரி. அத விடு. இன்னும் கொஞ்சம் வா."

வெண்டல் இந்தத் தடவை கை தட்டவில்லை. டிரெய்லர் நின்று, சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்த பிறகு, மெதுவாக நடந்து வந்தார். கம்பத்துக்கும் பழைய நசுங்கலுக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு நோரீனின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு மகள் உண்டு என்பதோடு, ஒரு மனைவியும் இருந்திருக்கிறாள்; அந்த முகம் சொன்னது அவருக்குப் புரிந்தது.

"என் மககிட்ட என்ன சொல்லட்டும்?" என்றார்.

"டெல்கிட்ட கேளுங்க. அட்டைய மாட்டினது அவர்தான்."

டெல்மர் டிரெய்லரின் பக்கத்தோடு கையை ஓட்டிக்கொண்டே நடந்தார், பிளாக்பர்னியன் மீது ஒரு நிமிடம் நிறுத்தினார், தள்ளி நின்று தலையைச் சாய்த்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் டிரெய்லர் குடிகாரன் தலைத் தொப்பிபோல ஒரு பக்கமாகத் திரும்பி நின்றிருந்தது. ஒரு காலத்தில் அரை அடி கோணல் என்றால் இருட்டும்வரை எடுத்து எடுத்து விடுபவர் அவர்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.

"கோணலா இருக்கு, டெல்."

"எனக்கு நேராத் தெரியுது. இனிமே எல்லாக் கோணலும் எனக்கு நேராத்தான் தெரியும், அதுவும் ஒரு வசதி." பிறகு, ஏரியின் பக்கம் திரும்பி, அதாவது வெண்டலைப் பார்த்து, "உன் மகளுக்கு வேற ஒண்ணு தேடித் தர்றேன். இதுல நசுங்கல் வேற இருக்கு" என்றார்.

வெண்டல் மீன் கொண்டுவரப் போனார்.

மறுநாள் காலை, பழைய ரயில் பாதையில் நோரீன் சைக்கிளில் முன்னால் போனாள். டெல்மர் அவளுடைய மஞ்சள் சட்டையை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். அவள் நின்றபோது நின்றார், நகர்ந்தபோது நகர்ந்தார். பதினாறு வருடம் அவள் கேட்டது கிடைத்திருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. முன்னாலிருந்து ஒரு மணிச் சத்தமும், வேர்த்த முகமும், 'இன்னும் அதே புதரா?' என்ற கேள்வியும் வராதா என்று இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் அதே புதரா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"அதேதான். வாய மூடிட்டு வா."

திரும்பி வந்தபோதும் திடலின் தரை இரவு பெய்த மழையில் சேறாகவே இருந்தது. அவருடைய சைக்கிளின் நிறுத்துக்கால் மண்ணில் இறங்கி, சைக்கிள் சாய்ந்துகொண்டே போயிற்று. டெல்மர் டிரெய்லரின் பின்னால் போய், கண்ணாடியில் தடவித் தடவி, அந்தப் பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை இரண்டாக மடித்து, எழுத்துப் பக்கம் கீழே வரும்படி, நிறுத்துக்காலின் அடியில் வைத்து அழுத்தினார். சைக்கிள் நின்றது.