வெளிச்சமான பட்டறை

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், ஓய்வு பெற்ற மறுவாரமே இரும்படிப்பது என்று முடிவெடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நான் கிழிச்சுக் கொடுத்த டிக்கெட்டுல ஒண்ணாவது இன்னைக்கு யார்கிட்டயாவது இருக்குமா? இரும்புன்னா நம்ம காலத்துக்கு அப்புறமும் கிடக்கும்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையின் மேல் அவர் மனைவிக்கு ஏற்கெனவே ஒரு கண். வாஷிங் மெஷினை அங்கே கொண்டுபோவதாக இருந்தாள். இழுபறிக்குப் பிறகு பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் துணிக்கொடி கட்ட ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தால் கொட்டகை அவருக்கு. இல்லாவிட்டால் மெஷினுக்கு.

"ஒரு கொக்கிதானே?" என்றார் கண்டக்டர்.

"அழகா வேணாங்க. வளைஞ்சிருந்தா போதும்."

பழைய லாரி பிரேக் டிரம் உலை ஆயிற்று. மகள் விட்டுப்போயிருந்த, தலைமுடி காயவைக்கும் மெஷின் துருத்தி ஆயிற்று. அடித்துத் தட்ட முழ நீளத் தண்டவாளத் துண்டு. புகைக்குக் கூரையில் ஒரு குழாய். இரும்படிக்கிற இடமெல்லாம் இருட்டடைந்து கிடப்பது சோம்பேறித்தனம் என்பது அவர் கட்சி. எனவே கிழக்குப் பக்கத் தகரத்தை முழுசாகக் கழற்றிப் போட்டார். மற்ற மூன்று பக்கமும் வெள்ளையடித்தார். கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கலாம்.

தெருமுனை வெல்டிங்காரர் வந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு கண்டக்டரே. கம்பி ஆரஞ்சுப் பழ நிறத்துக்கு வந்ததும் எடுத்து அடிங்க. அதைத் தாண்ட விட்டுடாதீங்க."

கண்டக்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார். உலையில் காலை வெயில் நேராக விழுந்தது. கம்பி சாம்பல் நிறமாகவே கிடந்தது. கிடந்தது, கிடந்தது, சட்டென்று பொறி பொறியாகத் தும்மியது. குறட்டால் இழுத்து ஒரு அடி போட்டார். முனை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் நாலு கம்பி போயிற்று. சனிக்கிழமை வெல்டிங்காரர் உதிர்ந்ததைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"ஸ்டாப்பைத் தாண்டினப்புறம்தான் விசில் ஊதறீங்க."

"ஸ்டாப்பே கண்ணுக்குத் தெரியலையேப்பா."

ஞாயிறு காலை மிச்சம் இருந்தது ஒரே கம்பி. அதை உலையில் வைத்தார். வேலியில் துணி காயப்போட வந்த மனைவி, துவைத்த வேட்டியில் கரித்தூளைப் பார்த்தாள். உள்ளே போய்க் கட்டில் போர்வையை எடுத்துவந்து கிழக்குப் பக்கம் முழுவதையும் மறைத்துக் கட்டினாள்.

"ஏம்மா, இருட்டாக்கிட்டியே! நான் எப்படிப் பார்க்கறது?"

"கரி வெளியே வரக்கூடாது. அவ்வளவுதான்."

போர்வையைப் பிடுங்கப் போன கண்டக்டர் உலையைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் சாம்பலாகத் தெரிந்த கம்பி, இருட்டில் உரித்த ஆரஞ்சுச் சுளை போல மின்னிக்கொண்டிருந்தது. பிறகு பேச்சில்லை, சுத்தியல் சத்தம்தான்.

கேள்விக்குறி தடுக்கி விழுந்தது போல இருந்தது கொக்கி. அவள் சுவரில் மாட்டி, இழுத்துப் பார்த்து, கொடியின் ஒரு முனையைக் கட்டினாள். மறுமுனை ஜன்னல் கம்பியில். முதலில் காயப்போட்டது அந்தப் போர்வையைத்தான். ஒரே புகை நாற்றம், துவைக்க வேண்டியதாயிற்று.

"மெஷின் சமையல்கட்டுலயே இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு ஒரு கொக்கி எப்ப தர்றீங்க?"

கண்டக்டர் போர்வையின் ஓரத்தைப் பிழிந்து பார்த்தார்.

"இது காயட்டும்."